மேட் வார்னிஷ் அடித்த ஹரிக்கேன் வெளுத்துவிட்டது, காப்பாற்ற வழி உண்டா?

வேளச்சேரி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன், கதையை அப்புறம் சொல்கிறேன்.

ஆறு வாரமாக உட்கார்ந்து செய்த 1/72 அளவு ஹரிக்கேன் விமான மாடல். நேற்று சாயங்காலம் கடைசி வேலையாக ஸ்ப்ரே டப்பாவால் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தேன். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் விமானம் முழுக்க விபூதி பூசின மாதிரி வெள்ளை. பச்சை எது, பழுப்பு எது என்றே தெரியவில்லை. இடது இறக்கை ரொம்ப மோசம். வயிற்றுப் பக்கம் அவ்வளவு இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை, விரலிலும் ஒட்டவில்லை.

இன்னும் பன்னிரண்டு நாளில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அன்றைக்கு அவர் கையில் கொடுக்கத்தான் இவ்வளவும். அதனால்தான் இந்தப் பதற்றம்.

அப்பா அறுபதுகளின் நடுவில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தவர். கும்பகோணத்தில் ரயிலேறி, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் அங்கே போய் இறங்கியவர். அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்றே விஷயம்தான். குளிர். மெஸ்ஸில் கடுகெண்ணெய் வாசனை. வளாகத்தில் வெட்டவெளியில் நின்ற ஒரு சண்டை விமானம். "நிஜ பிளேன்டா. நாங்கல்லாம் மேல ஏறிப் பாப்போம், வாட்ச்மேன் தொரத்துவான்." சின்ன வயதில் நான் இதை நம்பியதே இல்லை. கல்லூரியில் லேத் இருக்கும், பாய்லர் இருக்கும், சண்டை விமானம் எதற்கு இருக்கப் போகிறது?

போன வருஷம்தான் தேடிப் பார்த்தேன். அப்பா அளந்துவிடவில்லை. அது ஹாக்கர் ஹரிக்கேன் மார்க் 1, எண் ஆர்4118. 1940 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானப்படையின் 605-வது ஸ்குவாட்ரனுக்கு வந்து சேர்ந்து, அந்த இலையுதிர் காலத்தில் லண்டனுக்குத் தெற்கே க்ராய்டனிலிருந்து பறந்திருக்கிறது. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த சமயம். 49 முறை சண்டைக்கு எழும்பியது. ஐந்து எதிரி விமானங்கள் இதன் கணக்கில். 1943 டிசம்பரில் பயிற்சிக்கென்று கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1947-ல் மாணவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று பனாரஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1982-ல் பழைய கார்ப் பித்துப் பிடித்த பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணில் அது பட்டது. மனிதர் விடவில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, 2001-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, 2004 டிசம்பரில் மறுபடி பறக்கவிட்டார்கள்.

பறக்கிற வீடியோவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மெர்லின் இன்ஜின் சத்தம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது ஓடும்னு எங்களுக்குத் தெரியாதே" என்றார். மறுநாளே கிட் வாங்கிவிட்டேன்.

எனக்கு 52 வயது. கடைசியாகப் பிளாஸ்டிக் மாடல் ஒட்டியது எட்டாம் வகுப்பில். 1/72 என்றால் இறக்கை முனையிலிருந்து முனைக்கு 17 சென்டிமீட்டர், மூக்கிலிருந்து வாலுக்கு 13. கண்ணாடிக்கு மேல் இன்னொரு லென்ஸ் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன்.

ஹரிக்கேனின் பின்பாதி உடம்பு தகடு இல்லை. எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச்சட்டம் கட்டி, துணி இழுத்து, அதை விறைப்பாக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியது. அதனால் முதுகிலும் பக்கவாட்டிலும் நீளவாக்கில் மெல்லிய மேடு ஓடும், ஒட்டிய பட்டத்தில் ஈர்க்குச்சி தெரிகிற மாதிரி. உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டிய இணைப்பு சரியாக முதுகில் வருகிறது. அதைத் தேய்த்துச் சமமாக்கப் போய் அந்த மேடுகளையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். அப்புறம் பாகங்கள் கோத்து வருகிற ஸ்ப்ரூ கம்பியைச் சாமி விளக்குச் சுடரில் காட்டி, அது இளகிப் பளபளவென்று தொய்கிற நேரத்தில் வெளியே எடுத்து மெதுவாக இரண்டு பக்கமும் இழுத்தேன். தலைமுடி கனத்துக்கு நூல் வந்தது. ஏழெட்டு முறை அறுந்த பிறகு வந்தது என்று சொல்ல வேண்டும். அதை ஒட்டு ஒட்டாக வெட்டி, திரவப் பசையைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு முதுகில் படியவைத்தேன். பூஜை அறையில் பிளாஸ்டிக் நாற்றம் என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

பெயின்ட் எல்லாம் கைத்தூரிகைதான். வல்லேஹோ அக்ரிலிக், தண்ணீர் கலந்து ஒவ்வொரு நிறமும் நான்கு கோட். மேலே டார்க் எர்த், டார்க் கிரீன். கீழே ஸ்கை என்ற வெளிர்பச்சை. வால் பக்கம் ஒரு ஸ்கை பட்டை, மூக்கு நுனியில் விசிறி நடுவே இருக்கிற கூம்பும் (ஸ்பின்னர்) ஸ்கை. கிட்டில் இருந்த டிகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற எழுத்தும் சின்னமும், வேறொரு விமானத்துக்கு உள்ளது. அதனால் உதிரித் தாள்களிலிருந்து எழுத்து பொறுக்கி யூபி-டபிள்யூ என்ற இந்த விமானத்தின் அடையாள எழுத்தைக் கோத்தேன். டபிள்யூ கிடைக்காமல் ஒரு எம்மைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். ஆர்4118 என்ற எண் மூன்று மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. ஒவ்வொரு எண்ணாக நறுக்கி வைத்ததில் இரண்டு ராத்திரி போனது.

வார்னிஷ் அடித்தது மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு முடிவில், தகரக் கூரைக்குக் கீழே. நேரம் ஆறரை. மூன்று மணிக்குத்தான் மழை விட்டிருந்தது. டப்பாவைக் குலுக்கினேன், ஆனால் எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

டிகாலுக்கு ஒன்றும் ஆகாமல் இந்த வெள்ளையை எடுக்க முடியுமா? இல்லை, எல்லாவற்றையும் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? முதலிலிருந்து என்றால் நேரமும் இல்லை, அந்த எண்ணை மறுபடி வைக்கக் கண்ணும் இல்லை.


கோவைப் பட்டறை:

சார், பயப்படாதீங்க. இது செத்துப்போன மாடல் இல்லை.

எனக்குத் தொழிலே மெஷின் ரீகண்டிஷன். லேத்துக்கு டியூகோ பெயின்ட் அடிக்கும்போது மழை நாளில் இதே கூத்துதான் நடக்கும். பெயின்டர்கள் "பூத்துப்போச்சு" என்பார்கள். ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வேர்க்கிற மாதிரி மாடல் மேல் ஈரம் படியும். அந்த நுண்ணிய துளிகள் காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டால் வெள்ளையாகத் தெரியும். மழை விட்ட சாயங்காலம், அதுவும் சென்னை. நீங்கள் அடித்த நேரத்தில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வந்திருக்கும்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்க ஒரு நுண்தூள் கலந்திருப்பார்கள். அது டப்பாவின் அடியில் தங்கும். சரியாகக் குலுக்காமல் அடித்தால் ஒரு இடத்தில் தூள் அதிகமாக விழும், இன்னொரு இடத்தில் வெறும் வார்னிஷ் விழும். இடது இறக்கை மட்டும் ரொம்ப மோசம் என்கிறீர்களே, முதலில் அடித்தது அதுவா? உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு முழுசாக இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். கடிகாரம் பார்த்து.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, மோசமான இடத்தில் ஒரு சொட்டு வையுங்கள். நனைந்த இடத்தில் பச்சையும் பழுப்பும் பளிச்சென்று திரும்பி வந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் நல்ல செய்தி. வெள்ளை மேற்பரப்பின் சொரசொரப்பில்தான் இருக்கிறது, கீழே நிறம் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதால்தான் தெளிகிறது. தண்ணீர் தற்காலிகமாகச் செய்ததைக் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் நிரந்தரமாகச் செய்துவிடும். நனைத்தும் வெள்ளையாகவே இருந்தால் சொல்லுங்கள், அது வேறு வைத்தியம்.

அதுவரை கைவேலை ஒன்றும் வேண்டாம். தின்னர் பஞ்சு, உப்புக் காகிதம் எதையும் தொடாதீர்கள். இந்தத் தவறில் பாதிப் பேர் மாடலைக் கெடுப்பது வார்னிஷால் இல்லை, அதற்கப்புறம் வரும் பதற்றத்தால்தான்.


வட்டச்சின்னம்:

வார்னிஷ் விஷயத்தில் கோவையார் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறு சில கண்ணை உறுத்தின. எப்படியும் கை வைக்கத்தான் போகிறீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வருத்தப்படக் கூடாது.

வாலுக்கு முன்னால் அந்த ஸ்கை பட்டை. ஸ்கை ஸ்பின்னர். இரண்டும் தப்பு. அந்த 18 அங்குலப் பட்டையும் ஸ்பின்னர் நிறமும் பிரிட்டிஷ் சண்டை விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டில் வந்தது 1940 நவம்பர் கடைசியில் போட்ட உத்தரவால். நீங்கள் செய்வது க்ராய்டனில் செப்டம்பர், அக்டோபரில் நின்ற விமானம். அதற்குப் பட்டை கிடையாது, ஸ்பின்னர் கறுப்பு. கிட் பெட்டியின் மேல் இருக்கிற ஓவியத்தைப் பார்த்து அடித்திருப்பீர்கள். அது வேறு விமானம், வேறு மாதம். நம்முடைய அளவில் பட்டை ஆறு மில்லிமீட்டர் சொச்சம்தான், அதை மூடிப் பச்சை, பழுப்பு அடிக்க ஒரு மணி நேரம் போதும்.

ரவுண்டல் என்கிற வட்டச் சின்னம் இறக்கை மேலே சிவப்பும் நீலமும் மட்டும், உடம்பில் மஞ்சள் வளையத்தோடு: இது சரியாகப் போட்டிருக்கிறீர்கள். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள்.

இறக்கை முன்விளிம்பில் துப்பாக்கி வாய்களை ஓட்டையாகக் கறுப்பில் குத்தியிருக்கிறீர்கள். பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு .303 பிரௌனிங். பறக்கக் கிளம்பும் முன் தரைப் பணியாளர்கள் அந்த வாய்களின் மேல் துணி ஒட்டிச் சிவப்பு டோப் பூசிவிடுவார்கள். தூசியும் ஈரமும் உள்ளே போகக் கூடாது, மேலே குளிரில் உறையக் கூடாது என்பதற்காக. சுட்டால் துணி கிழிந்துவிடும். திரும்பி வருகிற விமானத்தில் துணி கிழிந்திருந்தால், பைலட் இறங்குவதற்கு முன்பே தரையில் நிற்பவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். உதிரி டிகால் தாளில் சிவப்பு ஏதாவது இருந்தால் ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி முன்விளிம்பில் ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை. மாடலுக்கே உயிர் வந்துவிடும்.

காக்பிட்டில் தரை வைத்து ஒட்டியிருக்கிறீர்கள் போல. கிட்டில் கொடுத்திருப்பான், உங்கள் தப்பில்லை. நிஜ ஹரிக்கேனில் தரையே கிடையாது. பைலட்டின் குதிகாலுக்குக் கீழே இரண்டு தகட்டுத் தடம் மட்டும். மற்றபடி கீழே பார்த்தால் குழாய்களும் இருட்டும்தான். மூடி ஒட்டியாயிற்று, விட்டுவிடுங்கள். 1/72-ல் அது யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது.

தலைகீழ் எம் பரவாயில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கே இரண்டு நாள் ஆகியிருக்கும்.


ரத்மலானைக் காகம்:

கொழும்பிலை இருந்து எழுதுறன். எங்களுக்கும் உங்களுடைய காலநிலைதான், வருஷம் முழுக்க வேர்வை. நான் ஸ்ப்ரே அடிக்கிறது பகல் பதினொன்றரைக்கும் இரண்டுக்கும் இடையிலை மட்டும். ஒரு நாளிலை காத்து ஆகக் காய்ஞ்சு கிடக்கிறது அந்த நேரம்தான். பொழுதுபட்டால் டப்பாவைத் தொடமாட்டன். சின்ன ஈரமானி ஒண்டு வாங்கி மேசையிலை வையுங்கோ, அறுபது சதவீதத்துக்கு மேலை காட்டினால் அடிக்காதையுங்கோ.

ஏசி அறைக்குள்ளை காய வையுங்கோ, நல்லது. ஆனால் கதவு பூட்டிக்கொண்டு உள்ளுக்கை நிண்டு அடிக்கவேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்கும் கூடாது, நெருப்பும் பிடிக்கும்.

ஹரிக்கேன் எண்டதும் எழுதாமல் இருக்க ஏலவில்லை. நான் இருக்கிற ரத்மலானையிலை 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலமை, ஜப்பான்காரர் கொழும்புக்குக் குண்டு போட வந்தபோது 30-வது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் இஞ்சை இருந்துதான் எழும்பினது. நகருக்குள்ளை குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி, அதிலை 258-வது ஸ்குவாட்ரன். அந்த ரேஸ்கோர்ஸிலை இப்ப கடைகள். அடுத்த மாடல் செய்யிற எண்ணம் இருந்தால் அதையும் யோசியுங்கோ.


துருப்பிடித்தவன்:

எல்லோரும் வைத்தியம் சொல்கிறீர்கள். நான் நோயாளியை அப்படியே விடு என்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா பார்த்த விமானம் எது? யூபி-டபிள்யூ என்று பளிச்சென்று எழுதிய 1940 விமானமா? இல்லவே இல்லை. வெயிலிலும் மழையிலும் பதினைந்து, இருபது வருஷம் நின்று வெளுத்துப்போன ஒன்று. இப்போது உங்கள் மேசையில் இருப்பதே அதுதான். காசு கொடுத்தாலும் இப்படி வெளுக்க வைக்க முடியாது! சக்கரத்தைத் தட்டையாக்குங்கள், கீழே கொஞ்சம் புல் ஒட்டுங்கள், மேலே ஏறுகிற மாதிரி ஒரு வேட்டிப் பையன், துரத்துகிற மாதிரி ஒரு வாட்ச்மேன். சதாபிஷேகத்துக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.


வேளச்சேரி வாசி:

எல்லோருக்கும் நன்றி.

தண்ணீர்ச் சொட்டு சோதனை செய்தேன். சொட்டு விழுந்த இடத்தில் டார்க் கிரீன் அப்படியே கண் திறந்து பார்த்தது. கால் மணியில் மறுபடி மூடிக்கொண்டது. ஆமாம், இடது இறக்கைதான் முதலில் அடித்தது. இரண்டு நிமிடமெல்லாம் குலுக்கவில்லை, பத்து பதினைந்து தடவை ஆட்டியிருப்பேன்.

துருப்பிடித்தவன் சொன்னது ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. நியாயமான யோசனை. உண்மையில் அப்பா பார்த்தது இந்த வண்ணத்தில் இல்லைதானே? அதனால் காலையில் காபி குடிக்கும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், அந்த பனாரஸ் பிளேன் என்ன கலரில் இருந்தது என்று. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "கலரை யார்ரா பாத்தா? நாங்க அண்டர்கேரேஜ் எப்படி மடங்குதுன்னு பாத்தோம்."

அதனால் 1940 வண்ணத்துக்கே போகிறேன். வேட்டிப் பையன் யோசனை வேண்டாம். அப்பா அங்கே பேன்ட்தான் போட்டார், போட்டோ இருக்கிறது.

கோவையார் சார், கிளாஸ் வார்னிஷ் தண்ணீரில் கரையும் வகைதான் கையில் இருக்கிறது. தூரிகையில் பூசலாமா? ஏர்பிரஷ் இல்லை.


கோவைப் பட்டறை:

தாராளமாகப் பூசலாம் சார். அதுதான் உங்களுக்கு நல்லதும்கூட. கரைப்பான் வாசனையே இல்லாத வார்னிஷ் என்பதால் கீழே இருக்கிற டிகாலைக் கடிக்காது.

அரை அங்குல அகலம், மெத்தென்ற தட்டைத் தூரிகை. மூக்கிலிருந்து வாலுக்கு ஒரே திசையில் இழுங்கள். பூசின இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. இங்கே விட்டுப்போச்சே என்று மறுபடி தேய்த்தால் நுரை வரும், தடம் விழும். விட்டது அடுத்த கோட்டில் சேர்ந்துகொள்ளும். முதலில் வயிற்றுப் பக்கம் ஒரு மூலையில் பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றதெல்லாம். இரண்டு மெல்லிய கோட், நடுவில் ஒரு ராத்திரி.

அதற்கப்புறம் வட்டச்சின்னம் சொன்ன திருத்தம் எல்லாம் செய்யுங்கள். கிளாஸ் மேல் செய்வதுதான் சரி. டிகால் துண்டு வழுவழுப்பான பரப்பில்தான் காற்று சிக்காமல் படியும். கடைசியாக மறுபடி மேட் வேண்டாம், சாட்டின் போடுங்கள், அதுவும் தூரிகையில். இவ்வளவு சின்ன மாடலில் முழு மேட் சுண்ணாம்பு மாதிரி உயிரில்லாமல் இருக்கும். லேசான மினுக்கம் இருந்தால்தான் அந்தத் துணி முதுகும் தகட்டு மூக்கும் வித்தியாசம் தெரியும். நீங்கள் விளக்கில் இழுத்து ஒட்டினீர்களே அந்த நூல், அது தெரிய வேண்டாமா?

அந்த ஸ்ப்ரே டப்பாவை மழைக்காலம் முடிகிற வரை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.


வேளச்சேரி வாசி:

விழா முடிந்து நான்கு நாள் ஆகிறது. வீட்டில் இன்னும் பலகாரம் தீரவில்லை. கேட்டவன் முடிவைச் சொல்லாமல் போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

வயிற்றுப் பக்கம் முதல் கோட் பூசிய ராத்திரி நான் அதன் பக்கமே போகவில்லை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை போயே போய்விட்டது, ஸ்கை நிறம் ஈரமாக இருப்பதுபோல் மின்னியது. மேல் பக்கம் இரண்டு கோட்டில் தெளிந்தது. இடது இறக்கைக்கு மட்டும் மூன்று. அங்கே ரவுண்டல் ஓரத்தில் பிறைச்சந்திரன் மாதிரி ஒரு மங்கல் மட்டும் கடைசி வரை போகவில்லை. டிகாலுக்கு அடியில் முன்பே காற்று சிக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். வார்னிஷ் மேல் பழி போட முடியாது, அது என் கைதான்.

பட்டையை மூடினேன். புதிதாகக் கலந்த பச்சை பழைய பச்சையோடு ஒட்டவில்லை, ஒரு இழை கூடுதல் கருமை. நிஜத்திலும் தொட்டுத் தொட்டுப் பூசியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஸ்பின்னர் கறுப்பு. சிவப்புத் துணிக்கு எட்டுத் துண்டு நறுக்கி, இரண்டைத் தரையில் தொலைத்து, மறுபடி நறுக்கி ஒட்டினேன். வட்டச்சின்னம் சார், நீங்கள் சொன்னது சரி. அந்த எட்டுச் சிவப்புப் புள்ளி வந்த பிறகுதான் அது பொம்மை மாதிரி இல்லாமல் எங்கோ கிளம்பப் போகிற விமானம் மாதிரி ஆனது. சாட்டின் வார்னிஷ் விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், வெயில் இருக்கும்போதே.

விழா அன்று கூட்டத்தில் கொடுக்கவில்லை. மாலை, மரியாதை, கலசத் தண்ணீர் அபிஷேகம் எல்லாம் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஈர வேட்டி மாற்றி ஈஸி சேரில் சாய்ந்தபோது மூன்று மணி. மடியில் வைத்தேன்.

ரொம்ப நேரம் மேல் பக்கம் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு ரேடியேட்டரைப் பார்த்தார். சக்கரம் மடங்கும் குழியில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். "ரெண்டும் உள்பக்கமா மடங்கும். சரியாப் போட்டிருக்கே." எண்ணைப் படித்தார், அவருக்கு அது தெரியவே தெரியாத எண். பேரன் வந்து இது பறக்குமா என்று கேட்டதற்கு, பறந்ததாம், 2004-ல் பறந்ததாம் என்று பெருமையாகச் சொன்னார், ஏதோ அவரே சாவி கொடுத்து அனுப்பிவைத்த மாதிரி.

அப்புறம் என் லென்ஸைக் கேட்டு வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோய், காக்பிட் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"என்னடா, உள்ள தரை போட்டிருக்கே? அதுல தரையே கிடையாதே. என் பேனா உள்ள விழுந்து, எடுக்கவே முடியலை."